டீசல் வானின் கூலன்ட் வழியில் எயார் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வ்), ஹோஸ் என்று எதையாவது மாற்றி, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட்டை ஊற்றி, வானை வீதிக்கு எடுத்ததும் மறுபடி சூடேறினால், செய்த வேலையில் பிழை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் உள்ளே எயார் (காற்று) நிற்கும். கொழும்பில் அதிகம் ஓடும் ஹையேஸ், கரவன், டவுன்ஏஸ், பொங்கோ, டெலிகா போன்ற டீசல் வான்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. டீசல் ஃபில்டரில் கைப்பம்பு அடித்து எடுக்கும் எயார் வேறு வேலை. அது இங்கே இல்லை.

காரைவிட வானில் எயார் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது?

எஞ்சின் இருக்கும் இடம்தான் காரணம். பல வான்களில் எஞ்சின் முன் சீற்றுகளுக்குக் கீழே இருக்கிறது. ரேடியேட்டர் அதற்கு முன்னால், தாழ்வாக. கூலன்ட் ஊற்றும் வாயைவிட சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேல் பகுதி) பின்பக்கமோ ஹீட்டர் குழாயோ உயரமாக இருந்தால், காற்று அங்கே போய் நின்றுவிடும். ஊற்றும் வாய் நிரம்பி வழியும், உள்ளே இரண்டு லீற்றர் குறைவாகவே இருக்கும்.

பின் ஹீட்டர் உள்ள வான்கள் இன்னும் சிரமம். இரண்டு நீளமான குழாய்கள் தரைக்கு அடியால் பின்னால் போய், மேலே ஏறி, ஹீட்டருக்குள் சுற்றி, மறுபடி இறங்கி வருகின்றன. அந்த ஏற்றத்தின் உச்சியில் நிற்கும் காற்று, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் மட்டும் அசையாது.

கொஞ்சம் காற்றுதானே, அது என்ன செய்துவிடும்?

தண்ணீர் கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் காற்று கடத்தாது. ஹெட்டுக்குள் காற்று நிற்கும் இடத்தில் உலோகம் தனியாகச் சூடேறும். 2சி, 3சி, 4டி56 போன்ற எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். அது வளைந்தால் அல்லது வெடித்தால் செலவு ரேடியேட்டர் வேலையைப் போலப் பல மடங்கு. காற்று வாட்டர் பம்ப் வரை வந்துவிட்டால் பம்ப் சுற்றும், கூலன்ட் ஓடாது.

இன்னொன்று, டெம்பரேச்சர் சென்சரின் முனை காற்றுக்குள் இருந்தால் கேஜ் முள் குறைவாகவே காட்டும். எஞ்சின் கொதிக்கும்போது முள் கீழே இறங்குவதுதான் இதில் மிக ஆபத்தான நிலை.

எயார் நிற்கிறது என்று எப்படி அறிவது?

முள் திடீரென ஏறி, திடீரென இறங்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம், முக்கியமாக ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில், கேட்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடாகவும் கீழ் ஹோஸ் குளிராகவும் இருக்கும்.

எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை ஹீட்டர். கொழும்பில் யாரும் ஹீட்டரைப் போடுவதில்லை, அதனால் இதை மறந்துவிடுகிறோம். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேனைப் போடுங்கள். முள் நடுவில் அல்லது மேலே இருக்க, குளிர்ந்த காற்று வந்தால், ஹீட்டருக்குள் கூலன்ட் போகவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் வால்வ் இறுகிப்போயிருந்தாலும் இப்படியே வரும். ஆகவே வால்வின் கேபிள் அசைகிறதா என்று முதலில் பாருங்கள்.

பல டொயோட்டா கேஜ்களில் முள் ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் அசைவதைக் கண்ட பிறகு வானை நிறுத்துவது சில வேளை பிந்திவிடும். கேடிஎச் ஹையேஸ் போன்றவற்றில் ஸ்கேனர் செருகி உண்மையான வெப்பநிலையைப் பார்க்கலாம். பழைய வான்களில் தெர்மோஸ்டாட் வீட்டை (அது இருக்கும் உலோகக் கூட்டை) இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரால் பார்த்தால் போதும்.

வேலையைத் தொடங்குமுன் என்ன வேண்டும்?

அளவுக் கோடுள்ள வாளி ஒன்று கட்டாயம். இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்று சொல்வோம். எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்து எழுதி வையுங்கள்; அதே அளவு உள்ளே போகும்வரை வேலை முடியவில்லை. ஒன்பது லீற்றர் எடுத்த இடத்தில் ஆறரை லீற்றருடன் வாய் நிரம்பிவிட்டால், மிச்ச இரண்டரை லீற்றரும் காற்று. ஊகம் தேவையில்லை.

அத்துடன் உயரமான புனல், ஸ்பெனர்கள், பழைய துணி, சில்லுக்கு வைக்கும் அடை, நல்ல கிளிப்கள். மொத்தக் கொள்ளளவு வான் கையேட்டில் இருக்கும். பின் ஹீட்டர் இல்லாத சிறிய வான்களுக்கு ஏழெட்டு லீற்றர், பெரிய ஹையேஸ் ரகங்களுக்குப் பத்துக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. பின் ஹீட்டர் இருந்தால் இன்னும் கூடும். ரேடியேட்டரின் கீழ் பிளக்கை மட்டும் திறந்தால் இதில் பாதியளவே வரும். மிச்சம் பிளொக்கிலும் ஹீட்டரிலும் நிற்கும்.

எயார் எடுக்கும் முறையை ஒழுங்காகச் சொல்ல முடியுமா?

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் தொடங்குவது நல்லது.

கூலன்ட் ஊற்றும் வாய் முழு வழியிலும் உயரமான இடமாக வரும்படி வானை நிறுத்துங்கள். வாய் முன்பக்கம் இருந்தால் முன் சில்லுகளை ராம்ப் மேல் ஏற்றலாம், அல்லது ஏற்றமான ஒழுங்கையில் முகம் மேலே பார்க்க நிறுத்தலாம். இருபது முப்பது சென்ரிமீற்றர் உயரமே பெரிய வித்தியாசம் தரும். பின் சில்லுகளுக்கு அடை வையுங்கள். ஜக்கின் மேல் மட்டும் நிற்கும் வானுக்குக் கீழே போகக் கூடாது, ஸ்டாண்ட் வையுங்கள்.

ஹீட்டரை முன்னும் பின்னும் முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். ஏசி வேண்டாம். பிளீடர் ஸ்குரூ (காற்றை வெளியே விடும் சிறு திருகு) இருந்தால் இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள்.

இப்போது மெதுவாக ஊற்றுங்கள், நிமிடத்துக்கு ஒரு லீற்றர் போதும். வேகமாக ஊற்றினால் கூலன்ட் இறங்கும் வழியாலேயே ஏற வேண்டிய காற்று அடைபட்டுவிடும். ஒவ்வொரு லீற்றருக்கும் ஒருமுறை மேல் ஹோஸைக் கையால் நன்றாக அமுக்கி அமுக்கி விடுங்கள். வாயில் குமிழ்கள் வரும், மட்டம் இறங்கும். பிளீடரில் முதலில் சீறலும் நுரையும் வந்து, பிறகு குமிழ் இல்லாமல் தொடர்ச்சியாகக் கூலன்ட் வழியும். அப்போது மூடுங்கள். இந்த ஸ்குரூக்கள் பித்தளை அல்லது பிளாஸ்டிக்; பலம் காட்டினால் முறிந்துவிடும்.

மூடியைப் போடாமல், புனலில் நாலு விரல் உயரத்துக்குக் கூலன்ட் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது மிகக் குறைந்த சூட்டையே தரும்; தெர்மோஸ்டாட் திறக்க இருபது முப்பது நிமிடம் ஆகலாம். சில நிமிடத்துக்கு ஒருமுறை 1500 முதல் 2000 சுற்று வரை உயர்த்தி, அரை நிமிடம் பிடித்து விடுங்கள். மேல் ஹோஸ் திடீரெனச் சூடாகும். அதே நேரம் புனலின் மட்டம் சடுதியாக இறங்கும். தெர்மோஸ்டாட் திறந்ததன் அடையாளம் அது. பெரிய குமிழ்கள் வருவதும் அப்போதுதான். புனல் காலியாக விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

குமிழ் நின்று, கீழ் ஹோஸும் சூடாகி, ஹீட்டரில் சுடுகாற்று வந்ததும் எஞ்சினை நிறுத்தி, மட்டத்தைப் பார்த்து, மூடியைப் போடுங்கள். ரிசர்வ் டேங்கை மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் வையுங்கள். அருகிலேயே பத்து நிமிடம் ஓடிவிட்டு, இரவு முழுக்க ஆற விடுங்கள். மறுநாள் காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், ரிசர்வை மட்டும் பார்த்தால் போதாது.

புனலுக்குப் பதில் சோடாப் போத்தலை வெட்டி வைக்கலாமா?

குளிர்ந்த எஞ்சினில் ஊற்றும்போது வைக்கலாம். தெர்மோஸ்டாட் திறந்த பிறகு வைக்க வேண்டாம். அந்தப் போத்தல் எழுபது எண்பது பாகையில் மெதுவாகி, சாய்ந்து, கையிலேயே ஊற்றிவிடும். தகரப் புனல் அல்லது தடித்த பிளாஸ்டிக் புனலைப் பயன்படுத்துங்கள்.

பிளீடர் ஸ்குரூ எங்கே இருக்கும்?

எல்லா வானிலும் இல்லை. இருந்தால், தெர்மோஸ்டாட் வீட்டின் உச்சியில், ஹீட்டர் ஹோஸின் உயரமான வளைவில் அல்லது ரேடியேட்டரின் மேல் மூலையில் தேடுங்கள். மஸ்டா பொங்கோ ஃப்ரெண்டியில் எஞ்சின் மேல் ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் உண்டு, அதன் முனை ஒரு போல்ட்டால் அடைக்கப்பட்டிருக்கும். அதை விடுவித்து, கூலன்ட் டேங்கைவிட உயரமாகத் தூக்கிக் கட்டி எயார் எடுக்க வேண்டும்.

ஸ்குரூ எதுவுமே இல்லையென்றால், உயரத்தில் இருக்கும் ஹீட்டர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸைச் சற்றே இழுத்து, காற்று போய்க் கூலன்ட் வந்ததும் திரும்பத் தள்ளலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்.

பின் ஹீட்டரில் நிற்கும் காற்று வரவே மாட்டேன் என்கிறதே?

அதைத் தனியாக நிரப்புங்கள். எஞ்சின் பக்கத்தில் பின் ஹீட்டரின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, ஒன்றில் புனல் வைத்து ஊற்றுங்கள். மற்றதில் குமிழ் இல்லாமல் வரும்வரை. பிறகு இரண்டையும் உயர்த்திப் பிடித்தபடி மாட்டுங்கள். இதற்கு முன், தோட்டக் குழாயின் மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுவது அவசியம். வருடக்கணக்காக மூடிக்கிடந்த பின் ஹீட்டருக்குள் துருச் சேறு தங்கியிருக்கும். அதைத் திறந்துவிட்டால் அத்தனையும் புது ரேடியேட்டருக்குள் வரும்.

ஹீட்டர் ஒழுகுகிறது, தேவையில்லை என்றால் எஞ்சின் பக்கத்து இரண்டு வாய்களையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடலாம். தனித்தனியாக அடைப்பது நல்லதல்ல. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரம் கூலன்ட் சுற்றுவது அந்த வழியாலும்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் குளிராக ஓடும் என்கிறார்களே?

இந்த ஆலோசனையை ஏற்க வேண்டாம். பல டீசல் எஞ்சின்களின் தெர்மோஸ்டாட்டில் கீழே இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல் வால்வ் திறக்கும்போது அது இறங்கி பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். சுடு கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். தட்டையான வீதியில் ஓடும், கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதிக்கும்.

புதிய தெர்மோஸ்டாட்டில் திறக்கும் வெப்பநிலை பொறிக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் 76 முதல் 88 பாகை செல்சியஸுக்குள். பஞ்சிகாவத்தையிலோ தெல்கந்தவிலோ வாங்கும்போது பழையதுடன் எண்ணையும் உருவத்தையும் ஒப்பிடுங்கள். மாட்டுமுன் சுடுநீர்ச் சட்டியில் தெர்மோமீட்டருடன் போட்டுத் திறக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

தட்டின் ஓரத்தில் ஒரு சிறு துளையும், அதில் தளர்வாக ஆடும் ஒரு ஊசியும் இருப்பதைக் கவனியுங்கள். எஞ்சின் நிற்கும்போது ஊசி தொங்கி, துளை வழியே காற்று மேலே போகும். பம்ப் சுற்றும்போது ஓட்டம் ஊசியைத் தள்ளித் துளையை அடைக்கும். கையேடு வேறு கோணம் சொல்லாவிட்டால் அந்த ஊசி உச்சிக்கு வரும்படி மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டிய ஒரு தெர்மோஸ்டாட்டுக்காக நாள் முழுதும் எயார் எடுக்க வேண்டி வரும்.

எயார் எடுத்தாயிற்று, இரண்டு நாளில் மறுபடி வருகிறது. ஏன்?

காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. முதல் சந்தேகம் ரேடியேட்டர் மூடி. அதில் இரண்டு வால்வ்கள் உண்டு. பெரியது அழுத்தத்தைப் பிடித்து வைப்பது, 0.9 அல்லது 1.1 என்று மூடியிலேயே எழுதியிருக்கும். நடுவில் இருக்கும் சிறியது எஞ்சின் ஆறும்போது திறந்து, ரிசர்வில் இருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச விடுவது. பத்து லீற்றர் கூலன்ட் சூடேறும்போது ஏறத்தாழ அரை லீற்றர் விரிந்து ரிசர்வுக்குப் போகிறது. அது திரும்பி வர முடியாவிட்டால் அந்த இடத்தைக் காற்று பிடிக்கும்.

இரண்டாவது சந்தேகம் ரிசர்வ் ஹோஸ். அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், அதன் முனை டேங்கின் அடிவரை போகாவிட்டாலும், கூலன்ட்டுக்குப் பதில் காற்றே உறிஞ்சப்படும். காலையில் ரிசர்வ் நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. மூடியையும் அந்த அடி நீள ஹோஸையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பம்பின் உறிஞ்சும் பக்கம். கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தால் சொட்டுக்கூட வெளியே வராமல், அதிக சுற்றில் காற்றை உள்ளே இழுக்கலாம். காலி வீதி நெரிசலில் ஒழுங்காக இருந்து, தெற்கு அதிவேக வீதியில் மட்டும் சூடேறும் வானில் இதைப் பார்க்க மறக்க வேண்டாம். அமுக்கினால் வதங்கிப் போகும் பழைய கீழ் ஹோஸும் இதே தொல்லை தரும்.

குமிழ் நிற்கவே இல்லை. ஹெட் கெஸ்கட் போய்விட்டதா?

இருக்கலாம். எயார் என்றால் குமிழ்கள் குறைந்துகொண்டே போகும். கெஸ்கட் (ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் உள்ள தகடு) அல்லது வெடித்த ஹெட் என்றால் சிறு குமிழ்கள் ஒரே சீராக, அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடிக்கொண்டே வரும். குளிர்ந்த எஞ்சினை மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லுப்போல இறுகினால் சந்தேகம் வலுக்கிறது. அந்த நேரத்தில் சூட்டால் அழுத்தம் வர முடியாது.

கூலன்ட்டுக்குள் எஞ்சின் புகை வருகிறதா என்று நீல திரவத்தின் நிறத்தை மாற்றிக் காட்டும் சோதனை கராஜ்களில் உண்டு. டீசலில் அதை நம்புமுன் ஒன்றை நினைவில் வையுங்கள்: சும்மா நிற்கும் டீசல் எஞ்சினின் புகையில் கரியமிலவாயு குறைவு, ஆகவே நிறம் மாறாமலே இருக்கலாம். எஞ்சினுக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், அல்லது அழுத்தச் சோதனை செய்யுங்கள்.

வெக்கியூம் முறையில் நிரப்புவது நல்லதா?

வசதி இருந்தால் அதுவே சிறந்தது, பின் ஹீட்டர் உள்ள வானுக்கு மிகவும் பொருத்தம். கொம்ப்ரஷர் காற்றால் ஓடும் கருவி ஒன்றை ஊற்றும் வாயில் மாட்டி, உள்ளிருக்கும் காற்றையே வெளியே இழுத்துவிடுவார்கள். ஹோஸ்கள் சப்பையாகும், பயப்பட வேண்டாம். கருவியின் முள்ளை ஐந்து நிமிடம் பாருங்கள்: இறங்கினால் எங்கோ ஒழுக்கு. இறங்காவிட்டால் வால்வைத் திறக்க, வாளியில் உள்ள கூலன்ட் தானாக உள்ளே போகும். உறிஞ்சும் குழாயின் முனை வாளியில் கூலன்ட் மட்டத்துக்கு மேலே வந்தால் எல்லாம் வீண்.

கொழும்பில் உறைபனியே இல்லை, வெறும் தண்ணீர் போதாதா?

போதாது. இங்கே கூலன்ட்டின் வேலை துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும். கிணற்றுத் தண்ணீர், முக்கியமாகக் கரையோரக் கிணறுகளின் தண்ணீர், உப்பும் உவர்ப்பும் கொண்டு வரும். பெட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரை வாங்குங்கள். செறிவான கூலன்ட் என்றால் 40 வீதம் இந்த ஊருக்கு நல்ல கலவை.

கணக்கில் தவறுவது இங்கேதான். 11 லீற்றர் வழியில் தண்ணீரால் கழுவிய பிறகு 7 லீற்றர்தான் வடிந்தது என்றால், 4 லீற்றர் வெறும் தண்ணீர் உள்ளே நிற்கிறது. 40 வீதத்துக்கு 4.4 லீற்றர் செறிவான கூலன்ட்டை முதலில் ஊற்றி, மிச்ச 2.6 லீற்றருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கலந்து வரும் கூலன்ட்டை அந்தத் தண்ணீர் மேல் ஊற்றினால் வலு குறைந்துவிடும்.

நிறத்தை வைத்து வகையை முடிவு செய்ய வேண்டாம். நிறத்துக்குப் பொது விதி இல்லை. வேறு வேறு வகைகளைக் கலந்தால் சில வேளை களிபோலத் திரண்டு ரேடியேட்டரை அடைக்கும்.

வழியில் கொதித்துவிட்டால்?

ஏசியை நிறுத்தி, ஓரமாக நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் நூறு பாகைக்கு மேல் இருக்கும் கூலன்ட், மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்துக்கு வரும். மேல் ஹோஸ் கைக்கு மெதுவாக அமுங்கும்வரை, ஒரு மணித்தியாலம் வரை, பொறுங்கள். சூடான எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடித்து, வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

எடுத்த பழைய கூலன்ட்டை எங்கே ஊற்றுவது?

வடிகானுக்குள் வேண்டாம், முற்றத்தில் திறந்து வைக்கவும் வேண்டாம். அது இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கும், சிறு பிள்ளையும் வாயில் வைக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு அது. யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மூடியுள்ள கலனில் ஊற்றிப் பெயர் எழுதி, பழைய ஒயில் எடுக்கும் கராஜ் அல்லது சேவிஸ் நிலையம் ஏற்குமா என்று கேட்டுக் கொடுங்கள். ஒயிலுடன் கலக்க வேண்டாம்.

வேலை முடிந்து எப்போது நுவரெலியாவுக்குப் போகலாம்?

அடுத்தடுத்து இரண்டு காலைகள், குளிர்ந்த எஞ்சினில், ரேடியேட்டர் வாய்வரை நிறைந்திருந்து, ரிசர்வ் அதே கோட்டில் நின்றால் போகலாம். முதல் நாள் 200 அல்லது 300 மில்லிலீற்றர் குறைவது வழமை. இரண்டாம் நாளும் அதேயளவு குறைந்தால் கிளிப்களையும் மூடியையும் திரும்பப் பாருங்கள். புறப்படும்போது இரண்டு லீற்றர் கலந்த கூலன்ட்டும் ஒரு மேலதிக கிளிப்பும் வானில் இருக்கட்டும்.